படர்தாமரைக்கு க்ரீம் கேக்குது, நகச்சொத்தைக்கு ஏன் கேக்க மாட்டேங்குது?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம்ங்க. ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருக்கேன், ஐப்பசி கார்த்திகை மழைல காலைல மாட்டுன கம்பூட்ஸை சாயங்காலம்தான் கழட்டுறது, சாக்ஸைப் பிழிஞ்சா தண்ணி கொட்டும். தொடை இடுக்குல படர்தாமரை வந்துச்சு, டாக்டர் டெர்பினாஃபின் க்ரீம் எழுதிக் குடுத்தாரு, சுத்தமா போயிருச்சு. கால் கட்டைவிரல் நகமும் மஞ்சளா தடிச்சு ஓரத்துல மாவு மாவா உதிருது, அதே க்ரீமை மாசக்கணக்கா தடவறேன், ஒன்னும் ஆகல. ரெண்டும் பூஞ்சைதானுங்களே, மருந்து ஒரு எடத்துல கேட்டு இன்னொரு எடத்துல ஏன் கேக்கல, அது உள்ள போயி என்னதான் பண்ணுது? இன்னொன்னு, லைன் வீட்டுல பாதிப்பேரு கடையில கேட்டு வாங்குற ஒரு ட்யூபைத்தான் போடுறாங்க, ஒரே ராத்திரில அரிப்பு நின்னுருதாம், அதை நானும் போடலாமா?

மருந்துக்கடை அஞ்சு ரோடு:
தம்பி கடைசிக் கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன், போடாதீங்க. அந்த ட்யூப்ல க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு ஏதாச்சும் எழுதியிருக்கும் பாருங்க, அது ஸ்டீராய்டு. அரிப்பை நிறுத்தறது அதுதான், பூஞ்சை செத்ததால இல்ல. தோலோட எதிர்ப்பு அடங்கிப்போறதால பூஞ்சை நிம்மதியா பரவும், வட்டத்தோட ஓரம் மழுங்கிப்போயி டாக்டருக்கே அடையாளம் தெரியாது, இடுக்குல தோல் மெலிஞ்சு வரி வரியா விழும், அந்த வரி ஆயுசுக்கும் போகாது. பேரு தெரியாம ட்யூபோட நிறத்தைச் சொல்லிக் கேக்கறவங்க கடைக்கு தினம் வராங்க, இல்லைன்னா எதுத்த கடைக்குப் போயிடறாங்க, என்ன பண்றது.

இப்ப மருந்து என்ன பண்ணுதுன்னா, நம்ம செல்லைச் சுத்தி இருக்கற சவ்வுல கொலஸ்ட்ரால் இருக்கு, பூஞ்சையோட சவ்வுல அதுக்குப் பதிலா எர்கோஸ்டெரால். அதை பூஞ்சையே படிப்படியா தயார் பண்ணிக்குது, இந்த மருந்துங்க அந்தத் தயாரிப்புல ஏதோ ஒரு படியில கை வைக்குது, நம்ம செல்லுக்கு எர்கோஸ்டெரால் தேவையே இல்லாததால நமக்குப் பெருசா பாதிப்பில்ல. டெர்பினாஃபின் ஆரம்பப் படியிலயே ஸ்குவாலீன் எபாக்சிடேஸ்ங்கற நொதியை அடைச்சுரும், எர்கோஸ்டெராலும் வராது, எர்கோஸ்டெராலா மாற வேண்டிய ஸ்குவாலீன்ங்கற மூலப்பொருள் மாறாம உள்ளயே தேங்கி விஷமாயிரும், அதனால பூஞ்சை சாகுது. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் எல்லாம் அதுக்குப் பின்னாடி வேறொரு படியில தடுக்கும், பெரும்பாலும் வளர விடாம நிறுத்தி வைக்கும், மிச்சம் தோல் உதிர உதிரப் போகணும். அரிப்பு நின்ன உடனே ட்யூபைத் தூக்கிப் போட்டா திரும்ப வர்றது இதனாலதான், தடிப்பு மறைஞ்சும் ரெண்டு வாரம் போடச் சொல்றதும் இதுக்குத்தான்.

லேப் பொண்ணு:
அண்ணா நகத்துக்கு நான் சொல்றேன். இந்தப் பூஞ்சை தின்னுறது கெரட்டின்ங்கற புரதத்தை. தோல்ல அது மேலாக்க செத்த அடுக்குலதான் இருக்கும், அதனால க்ரீம் எட்டிரும். நகமும் கெரட்டின்தான், ஆனா இறுகி அடர்த்தியா இருக்கு, பூஞ்சை பெரும்பாலும் அதுக்கு அடியில நகப்படுக்கைல உக்காந்திருக்கும், மேல தடவுற க்ரீம் அவ்வளவு ஆழம் போகாது. நகத்துக்குன்னே லாக்கர்னு ஒரு பூச்சு மருந்து வருது, அமோரோல்ஃபின் 5 சதவீதம் வாரத்துக்கு ஒன்னு ரெண்டு தடவை, சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம் தினமும். பூசினா படலமா காஞ்சு நின்னு கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கும், முன்னாடியே நகத்தை அரத்தால தேய்ச்சு மெலிசாக்கணும். ஆனா ஒன்னு ரெண்டு நகத்துல நுனிப்பக்கம் மட்டும் இருந்தாத்தான் லாக்கர் மட்டும் போதும், வேர் வரைக்கும் போயிருந்தா மாத்திரைதான், டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் கால் நகத்துக்கு 12 வாரம், அதுவும் லிவர் டெஸ்ட் பாத்துட்டு டாக்டர்தான் எழுதணும்.

கெட்டுப்போன நகம் திரும்பத் தெளியாது, அடியில இருந்து புதுசு வளந்து அதைத் தள்ளணும். கால் நகம் மாசத்துக்கு ஒன்னு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், கட்டைவிரல் முழுசா மாற ஒரு வருசம் ஒன்றரை வருசம் ஆயிரும். அதனால நுனியப் பாக்காதீங்க, சதைப் பக்கம் வர்ற புது நகம் சுத்தமா வருதான்னு பாருங்க.

அதுக்கும் முன்னாடி அது பூஞ்சைதானான்னு தெரியணும். கம்பூட்ஸ் இடிச்சு இடிச்சும் நகம் இப்படித் தடிக்கும், சொரியாசிஸ்லயும் ஆகும். நகத்தடி மாவைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா நூல் நூலா தெரியும், சின்ன டெஸ்ட்தான். இப்ப நம்ம நாட்டுல டிரைக்கோபைட்டான் இண்டோடினியேன்னு ஒரு பூஞ்சை பரவியிருக்கு, மருந்து பிடிக்கிற அந்த நொதியையே அது பல சமயம் மாத்தி வச்சிருக்கறதால டெர்பினாஃபினுக்கு அடங்காது, பெரும்பாலும் தோல்லதான் வரும். படர்தாமரை திரும்ப வந்து டெர்பினாஃபின் கேக்கலைன்னா டாக்டர் இட்ராகோனசோலுக்கு மாத்துவாங்க.

சேகோ பேக்டரி ஆளு:
தல நாங்க கெழங்குப்பால் தொட்டிப்பக்கம் நாள் பூரா ஈரத்துல நிக்கறவங்க, விரலிடுக்குல சேத்துப்புண்ணு எங்களுக்குப் புதுசில்ல. சாப்பாட்டு நேரத்துல சாக்ஸ மாத்துங்க, மறு ஜோடி பையிலயே இருக்கட்டும், விரலிடுக்கைத் துணியால துடைச்சிட்டு அப்பறம் க்ரீம். தடிப்பு மேல மட்டும் வைக்காதீங்க, சுத்தி 2 செ.மீ தள்ளியும் தடவணும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியாம ஓரத்துலதான் நகருமாம். எங்க ஷிப்ட்ல ஒருத்தரு பூண்டை நசுக்கி வச்சுக் கட்டி கொப்புளமே வந்துருச்சு, யார் சொன்னாலும் அதைப் பண்ணிராதீங்க. வீட்டுல யாருக்காச்சும் இருந்தா அவங்களுக்கும் சேத்து வைத்தியம் பாருங்க, துண்டைத் தனித்தனியா வச்சுக்கங்க.

ஏற்காட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கட்டைவிரலுக்கு லாக்கர் பூசுனா நெயில் பாலிஷ்னு லைன்ல ஓட்டித் தள்ளிருவாங்களே. வர்ற வாரம் சேலம் பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன், அதுவரைக்கும் அந்த க்ரீமையே தடவிட்டு இருக்கட்டுங்களா?

லேப் பொண்ணு:
வேணாண்ணா, நிறுத்திருங்க. மருந்து தடவிட்டு வந்தா பூஞ்சை இருந்தும் டெஸ்ட்ல இல்லைன்னு வந்துரும். எப்பலேருந்து நிறுத்திட்டீங்க, என்ன க்ரீம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, நகத்தையும் ஒட்ட வெட்டிட்டு வந்துராதீங்க, சுரண்டி எடுக்க ஒன்னும் இருக்காது. லாக்கருக்கு நிறமெல்லாம் கிடையாது, யாருக்கும் தெரியாது.