பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தவர்கள்: புளியரை மலைப்பாதை அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து, வாடகைக் கார் ஓட்டுநர்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை கார் ஓட்டுவது என் தொழில். தேசிய நெடுஞ்சாலை 744-இல் புளியரை எஸ் வளைவைத் தாண்டி மலையேறும் எவருக்கும், எதிரே வரும் சரக்கு லாரிக்காகத் திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டிய நேரம் கட்டாயம் வரும். டயரையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும் நம்மில் பலர், அந்த நேரத்தில் நம்மைப் பிடித்து நிறுத்தும் சீட் பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அதற்கு அடுத்த ஆண்டு என் மனைவியின் தம்பி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய காரை விலை பேசிவிட்டு, என்னையும் பார்க்க அழைத்தார். வெளியே பளபளப்பு, உள்ளே புதிய சீட் கவர், நல்ல வாசனை; எஞ்சினும் சீராகவே ஓடியது. நான் ஓட்டுநர் பெல்ட்டை மெதுவாக, இனி வராது என்னும் அளவுக்கு வெளியே இழுத்தேன். நாம் அணியும்போது வெளியே வரும் பகுதி சுத்தமாக இருந்தது. எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதி மட்டும் செம்பழுப்பாக இருந்ததோடு, விரலால் தடவியபோது வண்டல் மாவாக உதிர்ந்தது. பக்கத்து இருக்கையின் பெல்ட்டும் அப்படியேதான் இருந்தது.

பெல்ட் சுற்றிக்கொள்ளும் பெட்டி, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி இருக்கிறது. கார் முழுவதும் மூழ்க வேண்டியதில்லை. இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினாலே அந்தப் பெட்டிக்குள் சேறு புகுந்துவிடும். விற்பவர் கண்ணுக்குத் தெரியும் துணியைக் கழுவுவார், உள்ளே சுருண்டிருப்பதைக் கழுவ மாட்டார். “அத்தான், ஒரு பெல்ட்டுக்காக இந்தக் காரையே வேண்டாம் என்பதா?” என்று தம்பி கேட்டார். பெட்டிக்குள் சேறு போன கார் என்றால் தரைக்கு அடியில் ஓடும் வயர்களிலும், காற்றுப்பையை (ஏர்பேக்) இயக்கும் மின்னணுப் பெட்டியிலும் அதே சேறு போயிருக்கும் என்று நான் சொன்னேன். அவர் அந்தக் காரை வாங்கவில்லை.

தென்காசியிலிருந்து, ஒர்க்‌ஷாப் நடத்துபவர்

அண்ணாச்சி எழுதியதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்க விரும்புகிறேன். சேறு புகுந்த பெட்டி ஏன் ஆபத்து என்றால், பூட்டும் வேலை முழுவதும் அதற்குள்தான் நடக்கிறது. பல கார்களில் ஒரு சிறிய உலோகக் குண்டு ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. கார் சட்டென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ குண்டு உருண்டு ஒரு சிறு நெம்புகோலை உயர்த்த, அது பல்சக்கரத்தில் மாட்டி, பெல்ட் மேற்கொண்டு அவிழாமல் நின்றுவிடுகிறது. இது தவிர, துணியை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும் இன்னொரு ஏற்பாடு உண்டு. குழியில் வண்டல் இறுகிவிட்டால் குண்டு உருளாது. அப்போது கையால் இழுத்துப் பார்க்கும் சோதனையில் பெல்ட் பூட்டிக்கொண்டு நம்மை நம்ப வைத்தாலும், பிரேக் பிடிக்கும்போது பூட்ட வேண்டிய முதல் ஏற்பாடு செயலிழந்தே இருக்கும்.

இந்த மலைப்பகுதியில் என்னிடம் அதிகம் வரும் புகாரும் இதையொட்டியதுதான். “மேட்டில் நிறுத்தினால் பெல்ட் வர மறுக்கிறது, மாற்றிக் கொடுங்கள்” என்பார்கள். சரிவில் கார் சாய்ந்து நிற்பதால் குண்டு உருண்டு பூட்டியிருக்கிறது. அது கோளாறு அல்ல, பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பெல்ட்டைக் கொஞ்சம் உள்ளே விட்டு மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் சமதளத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குற்றால சீசனில் என்னிடம் வந்த ஒரு காரில், இதே புகாருக்கு யாரோ பெட்டியைத் திறந்து அந்தக் குண்டையே எடுத்து எறிந்திருந்தார்கள். பெல்ட் எங்கும் சிக்காமல் தாராளமாக வந்தது. உரிமையாளரும் மகிழ்ச்சியாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது. பெட்டியைத் திறந்து பழுது பார்க்கக் கூடாது. வேறு கோணத்தில் சாய்த்துப் பொருத்தினாலும் அது தவறான நேரத்தில் பூட்டும். பழுதென்றால் முழுத் தொகுதியையும் மாற்றுவதே முறை.

பெல்ட் மந்தமாக உள்ளே போவது வேறு சங்கதி. தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வரும் வளையத்தில் வியர்வையும் எண்ணெயும் பிசுபிசுப்பாகப் படிந்திருப்பதே பல கார்களில் காரணம். வளையத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பெல்ட்டை முழுவதும் இழுத்து, உள்ளே போகாதபடி ஒரு கிளிப்பால் பிடித்து வைத்து, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பிளீச்சிங் பவுடரோ கடுமையான ரசாயனமோ பாலியஸ்டர் இழையை வலுவிழக்கச் செய்யும். பெல்ட்டின் நாக்கைச் செருகும் பக்கிளுக்குள் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். டிங்கரிங் முடிந்து பெயின்ட் அடித்த காரில் பழைய பெல்ட்டே தொங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெல்ட்டை முன்கூட்டியே இறுக்கும் பிரீடென்ஷனர் உள்ள கார்களில் அது ஒரு முறை வெடித்துவிட்டால் மீண்டும் உதவாது. சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டிய காற்றுப்பை விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ, உடனே காட்டுங்கள். பிரீடென்ஷனருக்குள் வெடிமருந்து இருப்பதால் வீட்டில் அதைக் கழற்ற வேண்டாம். பெல்ட்டைத் தூணோடு பிணைக்கும் போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போடுவதும் எனக்கு ஒப்பாத வேலை.

ஆரியங்காவிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்

நாங்கள் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் மருத்துவமனைக்குப் போவதும் இந்த மலைச்சாலையில்தான். காருக்குச் சீட் கவர் தைத்துக் கொடுத்தவர், அழகாக இருக்கட்டும் என்று பின் இருக்கையின் பக்கிள்களை இடுக்குக்குள் தள்ளிவிட்டு மேலே கவரை இழுத்துக் கட்டிவிட்டார். கேட்டபோது, “பின்னால் யாரம்மா போடப்போகிறார்கள்?” என்றார். டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே கார் விபத்தில் உயிரிழந்தபோது, பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை கூறியதை அவரிடம் சொன்னேன். கவரைப் பிரித்து, மூன்று பக்கிள்களும் வெளியே நிற்கும்படி துளையிட்டுத் தைத்துத் தந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. எனக்கு அபராதம் பெரிதல்ல. என் பிள்ளையின் பக்கிள் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சிறியவளின் இருக்கையை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்துப் பார்ப்பேன். அது பக்கவாட்டில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. அவளைக் கட்டும் வார் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும், தோளில் அதை விரலால் கிள்ளினால் மடிப்பு வருகிறதா என்றும் பார்ப்பேன். மடிப்பு வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். சித்தி மகன் அன்போடு கொடுக்க முன்வந்த பழைய குழந்தை இருக்கையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் கார் ஒரு விபத்தில் சிக்கியபோது அந்த இருக்கை உள்ளே இருந்தது என்று அவனே சொல்லியிருந்தான்.

செங்கோட்டையிலிருந்து, மீண்டும்

ஆரியங்காவு அம்மா சொன்ன பக்கிள் பற்றி ஒரு வார்த்தை. எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகப் பக்கிளில் செருகும் போலிக் கிளிப்புகளைச் சில பயணிகள் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அவற்றை நீக்க உத்தரவிட்டது. என் காரில் அதைச் செருகினால் நான் வண்டியை நகர்த்துவதில்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வியும் உண்டு. என் காரின் பின் வலது பெல்ட் கதவிடுக்கில் மாட்டி நசுங்கி, ஓர் ஓரத்தில் இழை பிரிந்து மீசை போல நிற்கிறது. வெட்டு இல்லை, சுருளவும் செய்கிறது. தைத்து ஓட்டலாமா, மாற்ற வேண்டுமா?

தென்காசியிலிருந்து

தைக்கவே கூடாது, அண்ணாச்சி. ஓரத்து இழை அறுந்தால் பாரம் வரும்போது கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். புதிதாகத் தைக்கும் ஊசி மேலும் இழைகளை அறுக்கும். காரின் மாடலையும் ஆண்டையும் அனுப்புங்கள், புதிய தொகுதிக்குச் சொல்லி வைக்கிறேன். அது வரும் வரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.