மண்டபம் பக்கம் டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். வீடு மண்டபத்தில். வண்டி 2021 மாடல் பிஎஸ் 6 டீசல், செகண்ட் ஹேண்டாக வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதலில் லிட்டருக்கு 15 கொடுத்தது, இப்போது 11தான். மீட்டரை நம்பிச் சொல்லவில்லை. டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன்.

என் ஓட்டமெல்லாம் சின்ன ஓட்டம். விடியற்காலையில் மீன் இறங்குதளம், அப்புறம் ஐஸ் வாங்க, சாயங்காலம் பாம்பன். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவேன். டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் ஃபில்டர், அதன் விளக்கு இரண்டு முறை எரிந்தது. ராமநாதபுரம் வரை நிறுத்தாமல் 70இல் ஓட்டியதும் அணைந்தது. போன வாரம் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, டீசல் வாடை வேறு. ஊற்றாமலே ஆயில் ஏறுமா? புகைக்கரி முழுசாக எரியாமல் பாதியில் நின்றால், அதற்காகப் பாய்ச்சும் டீசல் ஆயிலில் இறங்கும் என்றார் மெக்கானிக். அந்த ஃபில்டரையே கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். அதில் எனக்கு மனமில்லை, சட்டப்படியும் தப்பு.

ராமநாதபுரத்தில் ஸ்கேனர் வைத்து ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) செய்து கொடுப்பவர் உண்டா? எவ்வளவு ஆகும்?

இன்னொன்று, துரு. கச்சான் காற்றில் ஒரு ராத்திரி நின்றாலே கண்ணாடியில் உப்புப் படிகிறது. பிரேக் பைப் கிளிப்பை விரலால் தொட்டேன், செதிலாக உதிர்ந்தது. துருவைச் சுரண்டாமல் வண்டியின் அடியில் அண்டர்கோட்டிங் பூச்சு அடித்தால் உள்ளே ஈரம் தங்கிவிடுமாமே. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தனுஷ்கோடிக்கு தினமும் வண்டி ஓட்டும் அண்ணன்மார் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.