போல்டவுனை இடித்தது சரியா?

வடகரை:
அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் போலந்துக்காரர்கள் குடியேறி வாழ்ந்த போல்டவுன் பேட்டையை 1981ல் நகர நிர்வாகம் கையகப்படுத்தி, இடித்து, ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலைக்குக் கொடுத்தது. ஏறத்தாழ 4,200 பேர், 1,300 வீடுகள், 140 கடைகள். சாலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நிலம் எடுத்தால் புரிந்துகொள்ளலாம். ஒருவர் வீட்டைப் பிடுங்கித் தனியார் கம்பெனிக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

மாறன்:
அன்றைய டெட்ராய்ட்டின் நிலைமையையும் பாருங்கள், வடகரை. பக்கத்திலிருந்த டாட்ஜ் மெயின் கார் ஆலை 1980 ஜனவரியில் மூடப்பட்டது. அந்தப் பக்கம் போலந்துக்காரர்கள் வந்து குவிந்ததே இந்த மாதிரி ஆலை வேலைகளை நம்பித்தான். வேலை போனால் பேட்டை மட்டும் நிற்குமா? மேயர் கோல்மன் யங்கிடம் ஜெனரல் மோட்டார்ஸ் 6,000 வேலை தருவதாகச் சொன்னது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு மனம் ஒப்பிப் போனவர்களும் நிறைய. இன்னொன்று, அங்கே இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கறுப்பின மக்கள். அவர்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

வடகரை:
விட்டது என் தவறுதான். அவர்கள் வீடும்தானே போயிற்று? சரி, அந்த 6,000 வேலை எங்கே? 1985ல் ஆலை திறந்தது, சொன்ன கணக்கை ஒருநாளும் தொடவில்லை. நிலத்தைத் தயார் செய்ய அரசுப் பணம் சுமார் 20 கோடி டாலர் போனது. கம்பெனி கொடுத்தது சுமார் 80 லட்சம்.

தமிழினி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். போல்டவுனிலிருந்த அமலோற்பவ மாதா கோவிலை யாரும் சொல்லவில்லையே! கத்தோலிக்க மறைமாவட்டமே அதை விற்றுவிட்டது. பங்குத் தந்தை ஜோசப் காரசேவிச் மட்டும் மக்கள் பக்கம் நின்றார். கோவிலை இடிக்கவிடாமல் அதன் கீழ்த்தளத்தில் மக்கள் ஏறக்குறைய ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார்கள், அதில் வயதான பெண்களும் உண்டு. ஜூலை 14 விடியலில் போலீஸ் உள்ளே புகுந்து வெளியேற்றியது. சில நாட்களில் கோவில் தரைமட்டம். அந்த டிசம்பரில் பாதிரியாரும் இறந்துபோனார். இந்தக் கணக்கை எந்த டாலரில் போடுவது?

மாறன்:
தமிழினி, அது வேதனைதான். ஆனால் இந்த நில எடுப்பு வழக்கில் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றமே 5க்கு 2 என்று நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வடகரை:
அதே நீதிமன்றம் 2004ல் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று தள்ளிவிட்டது. அதற்குள் 23 வருடம் ஓடிவிட்டது. அப்புறம் இதைக் கேளுங்கள். ஆலை வளாகத்துக்குள் பெத் ஓலம் என்ற பழைய யூதர் கல்லறை இன்றும் இருக்கிறது. சுற்றிலும் ஆலை நிலம். வருடத்தில் இரண்டே நாள்தான் சொந்தபந்தங்கள் உள்ளே போகலாம். கல்லறையைத் தொடாமல் ஆலை கட்ட முடிந்தது. உயிரோடு இருந்தவர்களின் கோவிலுக்கு ஏன் அந்த வழி தேடவில்லை?

மாறன்:
கோவில் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. வேலை பற்றி நான் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.