பிரெஞ்சில் ‘பேய்’: ஃபாந்தோம் என்ற சொல்லை வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

வெண்மேகம்:
பிரெஞ்சு ஏ2 தேர்வுக்குப் படிக்கிறேன். பேய்க்கு ‘ஃபாந்தோம்’ என்று அகராதியில் இருக்கிறது. ‘பேயறைந்த மாதிரி நின்றான்’, ‘அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது’, ‘பேய்மழை’ எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதுமா? ‘ரெவ்னான்’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உச்சரிப்பையும் சொல்லுங்கள்.

கூடல்வழி:
முதலில் உச்சரிப்பு. நம் நாக்கு தவறுவது அங்கேதான். ‘ஃபாந்தோம்’ என்று எழுதி அப்படியே படித்தால், ‘பந்து’வில் போல ‘த’ மெலிந்துவிடும். பிரெஞ்சுக்காரர் காதில் அது வேறு சொல். உண்மையில் அங்கே ‘ன்’ கிடையாது, நாக்கு மேலே எங்கும் படக்கூடாது. பேச்சில் ‘வந்தான்’ என்பதை மூக்கால் ‘வந்தா’ என்று முடிக்கிறோமே, ஏறக்குறைய அந்த ஆ. அடுத்து ‘பத்து’வில் வரும் வல்லின த. பிறகு உதட்டைக் குவித்து ஓ. கடைசி ‘ம்’முக்கு உதடு முழுக்க மூடவேண்டும். ‘மரம்’ என்பதைப் பேச்சில் மூக்கோடு விட்டுவிடும் பழக்கம் இங்கே வந்தால் சொல் அரைகுறையாக நிற்கும். கீழே (ன்) என்று போட்டிருப்பது மூக்கொலி மட்டுமே.

ஆண்பால் சொல்: அ(ன்) ஃபா(ன்)த்தோம், அதாவது ‘ஒரு பேய்’. எழுதும்போது ஓ மேல் கூரைக்குறி (^) கட்டாயம். 1990 எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ எழுத்துகளின் கூரையைத்தான் தளர்த்தியது, ஓ-வைத் தொடவில்லை. ஆனால் இதிலிருந்து வந்த ‘ஃபா(ன்)த்தோமத்தீக்’ என்ற பெயரடைக்குக் கூரை இல்லை. தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம். பன்மையின் எஸ் ஒலிக்காது. ஒருமையா பன்மையா என்பதை முன்னால் வரும் சுட்டுச்சொல் ‘ல’ (ஒருமை), ‘லே’ (பன்மை) தான் காட்டும்.

‘பேயை நம்புகிறாயா?’: த்யு க்ருவா ஓ ஃபா(ன்)த்தோம்? நம்புதல் வினை ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல்லைக் கேட்கும், அது ‘லே’யுடன் சேர்ந்து ‘ஓ’ ஆகிறது. ‘பேய்க்குப் பயம்’ என்பதற்கு ‘த’ என்ற முன்னிடைச்சொல் வேண்டும், அது ‘லே’யுடன் சேர்ந்து ‘தே ஃபா(ன்)த்தோம்’ ஆகும். பேய் வேடம் போட்டால் ‘ஆ(ன்) ஃபா(ன்)த்தோம்’, நடுவில் ‘அ(ன்)’ வராது.

ஆற்றுமணல்:
நீங்கள் கேட்ட மூன்று தொடரில் ஒன்றுக்கும் இந்தச் சொல்லை நேராகப் போட முடியாது.

பேயறைந்த மாதிரி என்பதற்கு ‘ப்லா(ன்) கொம் அ(ன்) லே(ன்)ஜ்’, அதாவது வெளுத்த துணிபோல். ‘பேயைப் பார்த்தவன் மாதிரி இருக்கிறாய்’ என்றும் சொல்வார்கள், அதில் ஃபா(ன்)த்தோம் வரும். ஆனால் பேய் அறையாது. பேய் பிடித்திருப்பதற்கு ‘இல் எ பொசெதே’. பிடித்தல் வினையைப் போட்டு எழுதினால் பேய் ஓடிப்போய் ஆளைக் கையால் பிடித்தது என்றாகும். பேய்மழைக்குக் கயிறு: ‘இல் ப்ல தே கோர்த்’.

‘ரெவ்னா(ன்)’ திரும்பி வருதல் வினையிலிருந்து பிறந்தது. செத்து மீண்டு வந்தவர். ஃபா(ன்)த்தோம் பொதுச்சொல். கதைக்கு வெளியே ரெவ்னா(ன்) அதிகம் புழங்குவது நெடுநாள் காணாமல் போனவர் முன்னால் வந்து நிற்கும்போது: ‘த்யே(ன்), அ(ன்) ரெவ்னா(ன்)!’ பெண்ணென்றால் ‘யுன் ரெவ்னா(ன்)த்’. நெருங்கியவரிடம் மட்டும், மேலதிகாரியிடம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ‘ஃபா(ன்)த்தாஸ்ம்’ என்பது ஆசைக் கற்பனை, பெரும்பாலும் காமம் சார்ந்தது. அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும்.

வெண்மேகம்:
மிக்க நன்றி. பதில் போடாமல் ஆள் மறைந்துவிடுவதற்கும் இதே சொல்தானா?

தறிநூல்:
இல்லை, இளைஞர் பேச்சில் ஆங்கில வேரிலிருந்து வந்த ‘கோஸ்தே’: ‘இல் மா கோஸ்தே’. சொல்பவர் பெண்ணானால் எழுத்தில் கடைசியில் இன்னொரு ஈ சேரும், ஒலி மாறாது.

ஃபா(ன்)த்தோம் உண்மையில் அதிகம் உழைப்பது பெயருக்குப் பின்னால் ஒட்டும்போதுதான். ‘வீல் ஃபா(ன்)த்தோம்’ ஆளற்ற ஊர். ‘த்ரே(ன்) ஃபா(ன்)த்தோம்’ கண்காட்சித் திடலில் பயமுறுத்தும் ரயில். ‘மா(ன்)ப்ர் ஃபா(ன்)த்தோம்’ வெட்டி எடுத்த பிறகும் இருப்பதுபோல் உணரும் கை அல்லது கால். முன்னால் கொண்டுவந்தால் தவறு, பன்மையில் இரண்டுக்கும் எஸ் வேண்டும். பாரிஸ் மெட்ரோவின் மூடிய நிலையங்களையும் ‘ஸ்தாசியோ(ன்) ஃபா(ன்)த்தோம்’ என்றுதான் சொல்கிறார்கள்: 5ஆம் தடத்தில் அர்செனால், 8இல் ஷா(ன்) த மார்ஸ், 10இல் க்ருவா ரூஜ். போரையொட்டி 1939 செப்டம்பர் 2 அன்று மூடியவை, திறக்கவே இல்லை.

‘போரின் பூதம்’ என்று செய்தித்தாள் நடையில் எழுத ‘ஸ்பெக்த்ர்’ போடுங்கள். நூலகத்தில் மட்டும் ஃபா(ன்)த்தோம் தனியாகவே ஒரு பொருளைக் குறிக்கும்: எடுத்துப்போன புத்தகத்தின் இடத்தில் அலமாரியில் செருகிவைக்கும் அட்டை.