மைனஸ் 300 மில்லிவோல்ட் வந்தால் கீழே தாதுதானா?

எஸ்.பி. சர்வேயில் (நிலத்தில் தானாக எழும் மின்னழுத்தத்தை அளந்து தாது தேடும் முறை) பெரிய மைனஸ் தெரிந்ததுமே துளையிடும் இடத்தைக் குறித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால், மண்ணைத் தொட்டு அளக்கும் மின்முனைகளான பாட் இரண்டையும் பாருங்கள். செம்புக் கம்பி, மயில்துத்தக் கரைசல், அடியில் நுண்துளைப் பீங்கான், அவ்வளவுதான் பாட். கரைசலில் கரையாத படிகம் எப்போதும் கிடக்க வேண்டும். தீர்ந்தால் செறிவு இறங்கி அளவும் நகரும். முந்தின இரவே இரண்டையும் ஒரே கரைசலில் ஊறவைத்து, காலையில் ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் வித்தியாசம் 2 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். மதியமும் மாலையும் இதையே திரும்பச் செய்து எழுதிக்கொள்ளுங்கள். சூடேறினாலும் அளவு மாறும் என்பதால் ஒரே இடத்தில் நிற்கும் பேஸ் பாட்டுக்கு நிழல் கட்டாயம்.

மீட்டரின் உள்தடை 10 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. கருப்பு முனை பேஸில், சிவப்பு நகரும் பாட்டில். மாற்றிப் போட்டால் வரைபடத்தில் மைனஸ் பள்ளம் மேடாகத் தெரியும். குழி 10-15 செ.மீ. ஆழம், சருகு போய் ஈரமண் தொட வேண்டும். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள், இறங்கும் நீரே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். தண்ணீருக்குப் பதில் பெண்டோனைட் களிமண் குழம்பு நல்லது.

*

மேலே சொன்னதோடு மலைச்சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் சரிவில் இறங்குவதால் உச்சிப் பக்கம் மைனஸ் கூடும். ஒவ்வொரு கோட்டுக்கும் உயர வரைபடத்தை அடியில் வைத்துப் பார்த்தால், இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போலத் தலைகீழாக ஓடுகிறதா என்று உடனே தெரியும். ஓடினால் அது தாது என்று சொல்ல ஆதாரமில்லை.

கார்ன்வால் செப்புச் சுரங்கங்களில் ராபர்ட் ஃபாக்ஸ் 1830-இல் கவனித்த இந்த மின்னழுத்தத்துக்கு, சாட்டோவும் மூனியும் 1960-இல் கொடுத்த விளக்கம் களத்திலும் உதவும். தாதுவின் தலை நீர்மட்டத்தருகே ஆக்சிஜன் உள்ள இடத்திலும், அடி ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும் இருக்க வேண்டும். எலக்ட்ரான் தாது வழியாக மேலே ஏறும். ஆகவே முழுவதும் ஆழத்தில் புதைந்த தாது எஸ்.பி.யில் பேசாது. துத்தநாக சல்ஃபைடான ஸ்ஃபாலரைட் மின்கடத்தி அல்ல, தனித் துத்தநாகத் தாதுவை இந்த முறையில் தேடிப் பயனில்லை.

தாது உருண்டை வடிவம், முனைவாக்கம் (அதன் பிளஸ், மைனஸ் முனைகள் அமைந்த திசை) செங்குத்து என்று கொண்டால், பள்ளத்தின் பாதி மதிப்பில் அதன் முழு அகலத்தை 0.65-ஆல் பெருக்குங்கள். வருவது மையத்தின் ஆழம், தலையின் ஆழம் அல்ல. துளை ஆழத்தைத் திட்டமிடும்போது இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

*

மேலே எழுதியவர்கள் யாரும் கிராஃபைட்டைச் சொல்லவில்லையே. கிராஃபைட் படிந்த பாறை சல்ஃபைடை மிஞ்சும் மைனஸ் தரும். ஐ.பி. (மின்னோட்டம் செலுத்தி நிறுத்திய பின் மின்னழுத்தம் வடிவதை அளக்கும் முறை) போட்டாலும் பிரியாது, அங்கும் சார்ஜபிலிட்டி, அதாவது நிலம் மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் அளவு, எகிறும். பெரிய திரள் என்றால் ஈர்ப்பு அளவீடு கைகொடுக்கும்: கிராஃபைட்டின் அடர்த்தி சுமார் 2.2, பைரைட் (இரும்பு சல்ஃபைடு) 5.

ஐ.பி.யில் டைபோல்-டைபோல் (மின்னோட்ட முளை ஜோடி ஒரு பக்கம், மின்னழுத்த ஜோடி தள்ளி; n என்பது அந்த இடைவெளி ஜோடி நீளத்தின் எத்தனை மடங்கு என்பது) போடுகிறவர்கள் n=6-இல் வரும் சிக்னலை அப்படியே நம்ப வேண்டாம். சீரான நிலத்தில், ஒரே மின்னோட்டத்தில், அது n=1-இல் வருவதில் 56-இல் ஒரு பங்குதான். மின்னோட்ட முளைகளை இரண்டு மூன்றாக இணைத்து, உப்புத்தண்ணீர் ஊற்றித் தொடுதடையைக் குறைத்தால்தான் கரண்ட் ஏறும். மின்னோட்டம் பாய்ந்த முளையை உடனே மின்னழுத்தம் அளக்கப் பயன்படுத்தாதீர்கள். அதில் தங்கிய மிச்ச மின்னேற்றம் தாது போலவே வடியும். கம்பி வேலி, இரும்புக் குழாய் அருகே வந்த பள்ளங்களைத் தனி நிறத்தில் குறித்து, அவற்றுக்குத் துளை போடுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.