நிரலின் வேகம்: எழுதும்போதே யோசிப்பதா, அளந்த பிறகு திருத்துவதா?

குமுளிவாசி:
வண்டன்மேட்டில் உள்ள ஓர் ஏலக்காய்க் கடைக்காகப் பைத்தானில் நான் எழுதிய நிரல், ஆறு மாத வரவுப் பதிவேட்டின் 40,000 வரிகளை விற்பனைப் பட்டியலின் 40,000 வரிகளோடு மூட்டை எண்ணை வைத்து ஒத்துப் பார்க்கிறது. கடையின் பழைய கணினியில் இதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. அதற்குள் கணக்குப்பிள்ளை கட்டஞ்சாயா குடித்துவிட்டு வந்துவிடுகிறார். முழுவதையும் பைத்தானைவிட வேகமாக ஓடும் சி++ மொழியில் மாற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.

கம்பத்துக்காரன்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு வரிக்கும் பட்டியலைத் தலையிலிருந்து தேடினால் சராசரியாக 20,000 ஒப்பீடுகள், மொத்தம் 80 கோடி. மூட்டை எண்ணைத் திறவுகோலாக வைத்து விற்பனைப் பட்டியலை, திறவுகோலைக் கொடுத்ததும் அதற்குரிய வரியை நேரடியாக எடுத்துத் தரும் பைத்தானின் டிக்‌ஷனரியில் ஏற்றிவிட்டால் 40,000 தேடல்களில் வேலை முடியும். கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுக்குக் கம்பம்மெட்டு வழியாக நேரே ஏற வேண்டிய ஜீப்பைக் குமுளி சுற்றி அனுப்பிவிட்டு, அதற்குப் புது எஞ்சின் மாட்டப் பார்க்கிறீர்கள். இதை எழுதும்போதே யோசித்திருக்க வேண்டும்.

போடிக்காரர்:
இருவருமே அளக்காமல் பேசுகிறீர்கள். சின்னச் சின்ன வேகங்களைப் பெரும்பாலான இடங்களில் மறந்துவிடலாம் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1974இல் எழுதினார். நிரலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சி-புரொஃபைலை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

கம்பத்துக்காரன்:
நூத்தைப் பாதியோடு நிறுத்தாதீர்கள், ஐயா. முக்கியமான அந்த 3 சதவீத இடங்களைக் கைவிடக் கூடாது என்பதும் அதே இடத்தில் இருக்கிறது.

குமுளிவாசி:
அளந்தேன். 240 நொடியில் தேதியைப் பிரித்தெடுக்க ஆனது 4 நொடிதான். மற்றது ஏறக்குறைய முழுவதும் தேடலுக்கே. டிக்‌ஷனரி போட்ட பிறகு மொத்தமே 6 நொடி.

போடிக்காரர்:
இப்போது அந்த 4 நொடி மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. முன்பு அதை அடியோடு நீக்கியிருந்தாலும் 2 சதவீதம்கூடக் குறைந்திருக்காது. ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்த நேரத்தில் அதன் பங்குக்கு மேல் லாபம் வராது; 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் இணைச் செயலிகளைப் பற்றி வாதிட்டபோது சொன்ன கணக்கும் இந்த வகைதான். ஆறு மாதத்தில் 184 தேதிகளுக்கு மேல் வராது என்பதால், பிரித்த தேதிகளைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரே மூட்டை எண் இருமுறை வந்தால் டிக்‌ஷனரியில் பிந்தியது முந்தியதை அழித்துவிடும்.

கம்பத்துக்காரன்:
6 நொடிக்காக யாரும் சாயாக்கடைக்குப் போக மாட்டார்கள். தேதியை அப்படியே விடுங்கள். மூட்டை எண் விஷயத்தை மட்டும் நானும் யோசிக்கவில்லை.

குமுளிவாசி:
சரிபார்த்தேன். பருவம் மாறியதும் எண்ணை மீண்டும் 1இலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். 17 எண்கள் இரண்டு முறை வருகின்றன. பழைய நிரல் முதலில் கிடைத்த வரியோடு நின்றுவிட்டதால், அந்த மூட்டைகளின் கணக்கு இத்தனை நாளும் தவறாகவே போயிருக்கிறது. பருவத்தையும் சேர்த்துத் திறவுகோலாக்கி, இன்றிரவு மறுபடி ஓட்டுகிறேன்.