ஒகினாவா ஷூரி நடைப்பயணம்: வழிகாட்டியோடு போகலாமா, தனியாகவே பார்க்கலாமா?

பெரம்பூர் செந்தில்:
எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் அப்பா, தங்கச்சியோடு ஜப்பானின் ஒகினாவா தீவுக்குப் போகிறோம். நாஹா நகரத்தில் ஷூரி கோட்டையைச் சுற்றி, முன்பு ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசர்களின் இடங்களையும் இரண்டாம் உலகப் போர் தடயங்களையும் சேர்த்துக் காட்டும் மூன்று மணி நேர நடைப்பயணம் ஒன்று இருக்கிறது. அரண்மனை 2019-ல் எரிந்துவிட்டதாமே, அப்படியென்றால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் நடைகளுக்கெல்லாம் தவறாமல் போவார், ஆனால் இப்போது முழங்கால் வலி. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரி மீனா:
கண்டிப்பாக வழிகாட்டியோடு போங்கள் செந்தில். தனியாகப் போனால் ஷூரியில் ராஜாக்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள், போர் படாது, ஏனென்றால் அது தரைக்கு அடியில் இருக்கிறது. ஜப்பானின் 32-வது படை கோட்டைக்கு நேர் கீழே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி அங்கேயே தலைமையகம் வைத்தது. அதனால்தான் அமெரிக்கர்கள் அந்தக் குன்றைக் குறிவைத்து அடித்தார்கள், 1945 மே மாதத்தில் கோட்டை தரைமட்டமானது. சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே சரிவில் ஒரு விளக்கப் பலகை மட்டும் நிற்கிறது, காட்டிச் சொல்ல ஆள் இல்லையென்றால் அதைத் தாண்டிப் போய்க் குளத்தைப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே சோனோஹியான் உதாகி கல்வாசல், 1519-ல் கட்டியது. அரசர் பயணம் கிளம்பும் முன் அங்கே நின்று வேண்டிக்கொள்வாராம். வாசலுக்குப் பின்னால் கருவறையும் இல்லை, சிலையும் இல்லை, மரங்கள்தான். நம் கிராமத்துக் கோயில்காடு மாதிரி, அந்த இடமே தெய்வம்.

அப்புறம் தாமாவுடுன். ஷோ ஷின் அரசர் தன் அப்பாவுக்காக 1501-ல் கட்டிய அரச கல்லறை. உடலை நடு அறையில் சில ஆண்டுகள் வைத்திருந்து, எலும்பை எடுத்துக் கழுவி, அரசர் அரசி என்றால் கிழக்கு அறைக்கும் குடும்பத்தில் மற்றவர்கள் என்றால் மேற்கு அறைக்கும் மாற்றுவார்கள். இதுவும் போரில் அடிபட்டுப் பின்னால் சரிசெய்ததுதான். எனக்கு ஷூரியில் மனதில் நின்ற இடம் இதுவே, கூட்டமும் குறைவு.

அடையார் பாலாஜி:
நான் வேறு மாதிரி சொல்வேன். அரண்மனை 1992-ல் திரும்பக் கட்டியது, அதுவும் எரிந்து இப்போது மறுபடி கட்டுகிறார்கள். போரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நேராகத் தெற்கே போய்விடுங்கள். மபுனியில் கடலோரம் வரிசை வரிசையாகக் கருங்கல் சுவர்கள், 1995-ல் திறந்தது, போரில் இறந்தவர்களின் 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒகினாவாக்காரர்கள், மற்ற ஜப்பானியர்கள், அமெரிக்கர்கள், கொரியர்கள் எல்லோர் பெயரும் அங்கே இருக்கிறது. அன்று தீவில் இருந்த மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார் என்று படித்திருந்தாலும், ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயர் கீழே கீழே போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போதுதான் அது உறைக்கிறது. ஹிமெயூரி என்ற மாணவிகள் குழுவின் நினைவு அருங்காட்சியகமும் பக்கம்தான். பள்ளி மாணவிகளையும் ஆசிரியர்களையும் சேர்த்து 240 பேரை ராணுவ மருத்துவமனை வேலைக்கு அனுப்பினார்கள், பாதிக்கு மேல் திரும்பவில்லை.

வேளச்சேரி மீனா:
பாலாஜி சார், மபுனிக்கு அவசியம் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஷூரியை விட்டுவிட்டுப் போனால் மபுனி பாதிதான் புரியும். 1945 மே கடைசியில் தளபதி உஷிஜிமாவின் அந்த 32-வது படை சண்டையை ஷூரியிலேயே முடித்துக்கொள்ளாமல் தெற்கே பின்வாங்கியது. அந்தத் தெற்கில்தான் பொதுமக்கள் தஞ்சம் புகுந்து குகைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஜூனில் சண்டை அவர்கள் தலைமேலேயே வந்து விழுந்தது. நீங்கள் மபுனி சுவரில் படித்த பெயர்களில் எத்தனையோ பேரின் சாவுக்குக் காரணமான முடிவு ஷூரி சுரங்கத்துக்குள் எடுத்தது. அதனால் முதலில் ஷூரி, மறுநாள் தெற்கு, இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

புதுக் கட்டடம் என்று தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1453, 1660, 1709, ஒவ்வொரு தடவையும் எரிந்து எழுந்த கோட்டை அது. 1879-ல் ஜப்பான் அந்த அரசையே கலைத்து ஒகினாவா மாகாணமாக்கி, கடைசி அரசர் ஷோ தாயை டோக்கியோவுக்குக் கொண்டுபோனது. பிறகு கோட்டையில் படை தங்கியது, போருக்குப் பின் அதே மேட்டில் பல்கலைக்கழகம் வந்தது. இத்தனைக்கும் அப்புறம் அந்த மக்கள் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள் என்றால் அதைத்தான் நின்று பார்க்க வேண்டும். இப்போதைய வேலையை 2026 இலையுதிர் காலத்தில் முடிக்கத் திட்டம்.

பெரம்பூர் செந்தில்:
அப்பாவிடம் இரண்டு பதிலையும் படித்துக் காட்டினேன், இரண்டு நாளும் வேண்டும் என்கிறார். நடைக்குக் கால் தாங்குமா?

குரோம்பேட்டை நசீர்:
செந்தில், கோட்டைப் பகுதியும் தாமாவுடுனும் நிதானமாகப் போனால் சமாளிக்கலாம், படிகளில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரச்சினை கின்ஜோ தெருவின் பழைய கல்பாதையில்தான். சுண்ணாம்புக்கல் பாவிய செங்குத்தான இறக்கம், மே கடைசி அங்கே மழைக்காலம், ஈரத்தில் வழுக்கும். பதிவு செய்யும்போதே முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டு, அந்த இடம் வரும்போது அப்பாவை டாக்சியில் கீழே அனுப்பிவிடுங்கள். மோனோரயிலில் ஷூரி நிலையத்தில் இறங்கினாலும் கோட்டைக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும், அங்கும் டாக்சியே நல்லது, நடையை உள்ளே மிச்சம் வையுங்கள்.

சைவம் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். ஒகினாவா சோபா என்ற நூடுல்ஸில் கறியை எடுத்துவிடச் சொன்னாலும் சாறே பன்றி எலும்பும் மீனும் போட்டுக் காய்ச்சியதுதான்.

தெற்குப் பயணத்தில் ஹாயெபாரு ராணுவ மருத்துவமனைக் குகையையும் சேர்க்கப் பாருங்கள். 20-ஆம் எண் குகையை 2007-லிருந்து மக்களுக்குத் திறந்திருக்கிறார்கள், வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், முன்பதிவு வேண்டும். உள்ளே இருட்டு, தரை மேடுபள்ளம், அப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டு தங்கச்சியும் நீங்களும் மட்டும் போனாலும் போதும்.